விருந்தோம்பலும் மானுடக் கடனும்

மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவரும் கடனாளியாகவே பிறக்கின்றனர் என்பது இந்து சமயத்தின் மிகப் பழைய கொள்கைகளுள் ஒன்றாகும். தேவ கடன், ரிஷி கடன், பிதிர் கடன் என மூன்று கடன்கள் உண்டென்பதை ஆலயப் பிரசங்கங்களிலே பலமுறை கேட்டிருக்கின்றோம். சுக்கில யசுர் வேதத்தைச் சார்ந்த சதபத பிராமணம் இம்மூன்றுடன் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்கின்றது. அதுவே மானுடக் கடன். மனிதர் மனிதருக்குப் பட்டிருக்கும் கடன். வேள்வியால் தேவ கடனும், வேதம் ஓதுதலால் ரிஷி கடனும், மக்கட்பேற்றால் பிதிர் கடனும் தீரும். மானுடக் கடனோ வந்தவருக்கு இருக்க இடமும் உண்ண உணவும் கொடுப்பதனால் தீரும் என்கிறது அந்நூல்.

இந்தக் கடன்களை ஊன்றி நோக்கினால் ஒரு புதுமை தெரியவரும். வங்கியிற் பட்ட கடனை அதே வங்கியிலேதான் கட்டவேண்டும். ஆனால் தாய் தந்தையர் நமக்கு ஊட்டிய சோற்றுக்கு ஈடாக நாம் அவர்களுக்கா சோறு ஊட்டுகின்றோம்? முதுமையில் அவர்களைப் பார்ப்பது வேறு. ஊட்டிய சோற்றுக்கு ஈடு, நமது பிள்ளைகளுக்கு நாம் ஊட்டுவதே. ஆசிரியர் தந்த எழுத்துக்கு ஈடு, இன்னொரு பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது. பெற்றது ஓரிடம், செலுத்துவது வேறோரிடம். அரசாங்க அலுவலகத்துக் கணக்கேட்டில் இப்படி ஒருவர் பெயரில் வரவும் மற்றொருவர் பெயரில் செலவும் விழுந்தால் கணக்காய்வாளர் கேள்வி கேட்டே தீருவார். தருமக் கணக்கிலோ அப்படி விழுவதுதான் முறை.

செய்ந்நன்றி அறிதல் பற்றித் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். உதவியவர் யாரென்று தெரிந்தால் அவரை மறக்கலாகாது. அதிற் சந்தேகமில்லை. ஆனால் உதவியவர் யாரென்றே தெரியாதபோது என்ன செய்வது? மயங்கி விழுந்தவரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றுவிட்டுப் பெயர் சொல்லாமற் போனவர், பஸ்ஸில் பணப்பையைத் தொலைத்துவிட்டு நின்ற மாணவிக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிப் போனவர், இவர்களுக்குப் பட்ட கடன் ஆளைக் காணவில்லை என்பதற்காகக் காலாவதியாகிவிடுமா? ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வள்ளுவர் மழையைக் காட்டித் தொடங்குவது இதனாலேயே. மழைக்கு எவராலும் கைம்மாறு செய்ய முடியாது. பெற்ற நீரைப் பயிருக்குப் பாய்ச்சத்தான் முடியும்.

விருந்து என்ற சொல்லும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. இன்று விருந்தென்றால் உறவினரை அழைத்து வடை பாயசத்துடன் போடும் சாப்பாடு என்றாகிவிட்டது. பழந்தமிழில் விருந்து என்பதற்குப் புதுமை என்பதே பொருள். விருந்தினர் என்போர் புதியவர், முன்பின் அறியாதவர். அதனாற்றான் இல்லறத்தான் பேணவேண்டியவர்களைச் சொல்லுமிடத்து வள்ளுவர் விருந்தினரை வேறாகவும் சுற்றத்தாரை வேறாகவும் வைத்தார். அதிதி என்ற வடசொல்லுக்கும் திதி குறியாமல் வருபவர் என்று பொருள் கூறுவர். சொல்லிவிட்டு வருபவருக்குச் சமைப்பது எவருக்கும் இயலும்.

பெரிய புராணத்திலே இதற்கு அழகானதோர் எடுத்துக்காட்டு அப்பூதியடிகள் நாயனார் வரலாறாகும். சோழநாட்டுத் திங்களூரில் வாழ்ந்த இவ்வந்தணர், திருநாவுக்கரசு சுவாமிகளைக் கண்ணாற் கண்டவரல்லர். கல்லோடு கட்டிக் கடலில் இட்டபோதும் திருவைந்தெழுத்தின் துணையாற் கரையேறிய அவரது பெருமையைக் கேட்டவர் மட்டுமே. அந்தக் கேள்வி ஒன்றே அப்பூதியடிகள் பெற்ற பேறு. அதற்கு அவர் செய்த கைம்மாறு என்ன? வழிப்போக்கர் தாகம் தீரத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். சாலை அமைத்தார். குளம் தொட்டார். எல்லாவற்றுக்கும் திருநாவுக்கரசு என்ற பெயரையே இட்டார். தம் பிள்ளைகளையும் மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்றே அழைத்தார்.

ஒருநாள் திருப்பழனத்தை வழிபட்டுவிட்டு அவ்வழியே வந்த அப்பரடிகள் பந்தலில் எழுதியிருந்த தம் பெயரைக் கண்டு வியந்து, உரியவரின் வீட்டைத் தேடிச் சென்று, உமது பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று வினவினார். அப்பூதியடிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. நாவுக்கரசரின் பெருமை தெரியாத நீர் எங்கிருந்து வருகின்றீர் என்று கேட்டார். வந்தவரே அவர் என்று அறிந்ததும் காலில் விழுந்ததும், அமுது செய்விக்க வாழையிலை அரியப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டியதும், பதிகம் பாடி அப்பிள்ளையை அப்பரடிகள் எழுப்பியதும் சைவப் பிள்ளைகள் யாவரும் அறிந்தவை. அற்புதத்தைச் சொல்லும்போது தண்ணீர்ப் பந்தலை நாம் விரைந்து கடந்து போய்விடுகின்றோம். அந்தப் பந்தலிலே தண்ணீர் குடித்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் எவரும் அப்பூதியடிகளுக்கு நன்றி சொல்லியிருக்க இடமில்லை. எழுதியிருந்தது வேறு பெயர். அந்தப் பெயருக்கு உரியவருக்கோ பந்தல் ஒன்று இருப்பதே தெரியாது. நன்றியை வாங்கிக்கொள்ள அங்கே ஆளே இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது.

இன்று சில ஆலயங்களிலே ஒரு ரியூப் லைற் உபயம் செய்தவரின் பெயரும் ஊரும் அவர் வாழும் நாடும் அந்தக் குழாயிலேயே எழுதப்பட்டு, வெளிச்சத்தின் பாதியை எழுத்தே மறைத்துவிடுகின்றது. உபயகாரரைக் குறைசொல்வதற்காக இதனைக் கூறவில்லை. ஆலயக் கணக்கில் பெயரும் தொகையும் பற்றுச்சீட்டும் இருக்கவே வேண்டும். கணக்கேட்டில் இருக்கவேண்டியதை விளக்கில் எழுதுவதுதான் பொருத்தமில்லை.

அப்பூதியடிகள் செய்ததற்கும் முன்பே, பெற்றவர் பெறாதவருக்கு வழிகாட்டுவதைத் தமிழர் ஓர் இலக்கிய வகையாகவே வகுத்துவிட்டனர். அதுதான் ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. வள்ளல் ஒருவரிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணனோ பொருநனோ கூத்தனோ, வழியிலே பசியோடு வரும் இன்னொருவனைக் கண்டு, நான் இன்னாரிடம் போனேன், வறுமை நீங்கினேன், நீயும் இவ்வழியே போ என்று சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படையின் அமைப்பு. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையின. பாதி நூல்கள் இதற்கே என்றால் அக்காலத்தவர் இச்செயலை எவ்வளவு மதித்திருக்கவேண்டும்!

நன்னனைப் பாடிய மலைபடுகடாம் வழியைச் சொல்லும் முறை மிகவும் நுணுக்கமானது. இந்த இடத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், பார்த்துப் போ. இங்கே பாம்பு உண்டு. தினைப்புனம் காப்பவர் யானையை விரட்டக் கவண்கல் எறிவர், அது உன்மேற் படாமல் ஒதுங்கிக்கொள். பாறை வழுக்கும். இவ்வாறெல்லாம் எச்சரித்து அனுப்புகிறான். தான் பட்ட துன்பம் அடுத்தவன் படக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கையிலே காசில்லாதவரும் செய்யக்கூடிய தருமம் இது. ஓய்வூதியப் படிவத்தோடு கச்சேரியில் அறை அறையாய் அலையும் கிழவருக்கு, எந்த அறை, எந்தப் படிவம், எந்தக் கையொப்பம் குறைகிறது என்று சொல்லிவிடும் ஒருவர் செய்வதும் ஓர் ஆற்றுப்படையே. அப்படி ஒருவர் முன்பு தமக்குச் சொல்லாமற் போயிருந்தால் தாமும் இன்னும் அலைந்துகொண்டிருப்போம் என்பதை நினைப்பவரே அதைச் செய்வார்.

நக்கீரர் அருளிய திருமுருகாற்றுப்படை இவ்வகையை ஆன்மிகத்துக்கு உயர்த்தியது. முருகப்பெருமானின் திருவருளைப் பெற்ற ஒருவர், பெற விரும்பும் இன்னொருவரைத் திருப்பரங்குன்றம் முதலான படைவீடுகளுக்கு வழிப்படுத்துகின்றார். பதினோராந் திருமுறையிலே இந்நூல் வைக்கப்பட்டுள்ளது. வீடுபேற்றுக்கு வழி தெரிந்த பின்னும் தனித்துப் போய்விடாமல், பின்னால் வருபவருக்காக நின்று சொல்லிவிட்டுப் போவது அருள்பெற்றவரின் இலக்கணம் என்பதை இது காட்டுகின்றது.

புலவர் பெருஞ்சித்திரனாரின் செய்தியும் புறநானூற்றில் உண்டு. வறுமையால் வாடிய அவருக்குக் குமணன் பெருஞ்செல்வம் கொடுத்தனுப்பினான். வீடு வந்த புலவர் மனைவியிடம் கூறியது, பூட்டி வை என்பதன்று. முன்பு நமக்குக் கடன் தந்து உதவியவர்களுக்குக் கொடு, உன் சுற்றத்தாருக்குக் கொடு, இன்னாருக்கென்று பாராமல், என்னிடமும் கேளாமல் எல்லோருக்கும் கொடு என்றார். நெடுநாட் பசித்த குடும்பம் அது. நாளைக்கு வேண்டுமே என்று சேர்த்து வைத்திருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

மணிமேகலைக் காப்பியம் பௌத்த நூலாயினும் ஆபுத்திரன் கதையை இங்கே விடமுடியாது. பெற்ற தாயாற் கைவிடப்பட்ட அக்குழந்தைக்கு ஏழு நாள் பால் சொரிந்து காத்தது ஒரு பசு. அவன் வளர்ந்த பின்னர் வேள்விக்காகக் கட்டப்பட்டிருந்த வேறொரு பசுவை இரவோடிரவாக அவிழ்த்து மீட்டு, அதனால் ஊரின் பகையைத் தேடிக்கொண்டான். பால் கொடுத்த பசு எது, மீட்ட பசு எது என்பதை அவன் பார்க்கவில்லை. பின்னர் சிந்தாதேவி அவனுக்கு அளித்த அமுதசுரபி, மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் இடப்பட்டு மணிமேகலையின் கைக்கு வந்தது. அந்த மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கருதுவோர் பலர்.

நமது யாழ்ப்பாணத்து வீதியோரங்களிலே இக்கொள்கை கல்லாகவும் நிற்கிறது. தலையிற் கடகத்தோடு நடந்தவர் மற்றொருவர் துணையின்றிச் சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடுகள் உடம்பை உராய்ந்துகொள்ள ஆவுரோஞ்சிக் கல், பக்கத்திலே தண்ணீர்த் தொட்டி, கிணறு, மடம். பருத்தித்துறையிலே தெருவையே கூரைபோல மூடிநிற்கும் தெருமூடிமடத்தை இன்றும் காணலாம். கர்ப்பவதியாய் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது மரபாக இருந்தது. இறக்கி வைக்காமலே அவள் கொண்டுபோன சுமைக்காக, ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் தங்கள் சுமையை அங்கே இறக்கி வைத்தார்கள். இப்போது வீதி அகலிப்பின்போது இக்கற்கள் சில பிடுங்கப்பட்டு மதிலோரத்திற் கிடக்கின்றன. ஆலயச் சூழலில் எஞ்சியிருப்பவற்றையாவது இளைஞர்கள் காப்பாற்றலாம்.

இக்காலத்துச் சுமைதாங்கி என்று குருதிக்கொடையைச் சொல்லலாம். ஒருமுறை கொடுக்கும் சுமார் 450 மில்லி லீற்றர் குருதி, செங்குழியம், குருதிச் சிறுதட்டு, திரவவிழையம் எனப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு நோயாளருக்குப் போகலாம். கொடுத்தவருக்குப் பெற்றவர் யாரென்று தெரியாது, பெற்றவருக்கும் கொடுத்தவர் யாரென்று தெரியாது. ஆகையால் நன்றி சொல்ல வழியில்லை. பிரசவத்தின்போதோ விபத்தின்போதோ குருதி ஏற்றப்பட்டுப் பிழைத்தவரின் வீட்டார் அக்கடனைத் தீர்க்க விரும்பினால், 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டு, 50 கிலோவுக்குக் குறையாத நிறையுள்ள சுகதேகியாக இருந்தால், நான்கு மாதத்துக்கு ஒருமுறை தாமும் போய்க் கொடுப்பதே வழி. சிறுதட்டுக்களை ஐந்து நாள் அளவிலேதான் வைத்திருக்க முடியும் என்பதால், திருவிழாக் காலத்தில் ஒரேநாளில் நூறுபேர் கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் மறந்திருப்பதிலும், முறை வைத்துக் கொடுப்பது அதிக பயனுள்ளது.

ஏட்டிலும் கல்லிலும் உள்ளவை இருக்க, நமது தலைமுறை கண்ணாற் கண்ட ஒன்றும் உண்டு. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் சனத்தால் நிறைந்து, நிற்கவும் இடமின்றி, அடி அடியாய் நகர்ந்தனர். மழையும் பெய்தது. குடையை மலர்த்திப் பிடித்து, சேர்ந்த மழைநீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தனர். விடிந்தபோது தென்மராட்சியின் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் நிரம்பிவிட்டன. அதன் பின்னர் நிரம்பியவை வீடுகள்.

அவ்வாறு போன ஒரு குடும்பத்தில் தாய், தகப்பன், வயோதிபரான பாட்டன், எட்டு மாதக் கைக்குழந்தை என நால்வர். எந்த ஊர் என்றும் அறியாத ஓர் ஒழுங்கையில் மழையில் நனைந்தபடி ஒரு படலையடியில் ஒதுங்கினர். வீட்டுக்கார அம்மா ஒரு விதவை. வெளியே வந்து பார்த்தவர் எவ்விடம், எத்தனை பேர் என்று ஒன்றும் கேட்கவில்லை. “பிள்ளை குளிரில விறைக்குது, உள்ள வாங்கோ” என்றார். அன்று மாலைக்குள் அந்த வளவில் முப்பது பேருக்கு மேல். மாட்டுக் கொட்டிலைக் கூட்டிக் கழுவிக் கிடுகு மறைப்புக் கட்டினார்கள். பின் வளவில் இன்னொரு மலசலகூடக் குழி வெட்டினார்கள். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அருந்தலான காலம். கஞ்சி ஒரே பானையில் காய்ச்சப்பட்டது. குழந்தையின் பாலுக்குச் சுடுதண்ணீர் வைக்க, அவ்வம்மா தமது பழைய பிளாஸ்க்கைக் கொடுத்தார்.

ஆறு மாதத்தின் பின்னர், 1996 ஏப்ரலில் குடும்பம் ஊர் திரும்ப ஆயத்தமானபோது தகப்பன் கொஞ்சக் காசை வெற்றிலையில் வைத்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை. பிளாஸ்க்கையும் வாங்கவில்லை. “வழியில பிள்ளைக்குத் தேவைப்படும். எனக்கு ஒண்டும் தரவேண்டாம் தம்பி. நாளைக்கு உங்கட படலையில ஆரும் வந்து நிண்டால், எந்த ஊரெண்டு கேளாதேங்கோ.”

நான்கு ஆண்டுகள் சென்றன. 2000 ஆம் ஆண்டு மே மாதம் போர் தென்மராட்சிக்கு வந்தது. சாவகச்சேரி நகரம் தரைமட்டமாயிற்று. இம்முறை இடம்பெயர்ந்தோர் தென்மராட்சி மக்கள். அவர்கள் வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் வந்தனர். செய்தி கேட்டதும் அந்தத் தகப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நலன்புரி நிலையங்கள் எங்கும் அவ்வம்மாவைத் தேடினார். மூன்று நாள் தேடியும் காணவில்லை. வடமராட்சிப் பக்கம் போயிருக்கலாம் என்றார்கள். மூன்றாம் நாள் மாலை களைத்து வீடு வந்தபோது, அவருடைய படலையிலே தென்மராட்சியிலிருந்து வந்த வேறொரு குடும்பம் நின்றது. முன்பின் காணாதவர்கள். ஆறு பேர். ஒரு கிழவிக்கு நெஞ்சுச் சளி.

இவ்விடத்தில் மனித இயல்பை மறைக்காமற் சொல்லவேண்டும். அவருக்கு முதலில் ஏமாற்றமே ஏற்பட்டது. அம்மா வந்திருந்தால் மகாராணிபோல வைத்திருப்பேன், இவர்கள் யாரோ என்ற நினைவு ஒரு கணம் வந்ததாகப் பின்னர் அவரே கூறினார். மனைவிதான் படலையைத் திறந்தார். அன்று நாங்களும் அவவுக்கு யாரோதான் என்று அவர் சொன்ன பிறகு தகப்பன் வாய் திறக்கவில்லை.

2002 ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் பின் அக்குடும்பம் தென்மராட்சிக்குத் திரும்பும்வரை அந்த வீட்டிலேயே இருந்தது. சண்டை சச்சரவு இல்லாமலும் இல்லை. ஒரு கிணற்றையும் ஓர் அடுப்படியையும் இரண்டு குடும்பம் பாவித்தால் சில நாட்களில் முகம் கறுக்கத்தான் செய்யும். கிழவியின் மருந்துக்குச் சுடுதண்ணீர் அதே பிளாஸ்க்கில்தான் வைக்கப்பட்டது.

பின்னர் அந்தத் தம்பதியினர் பழைய ஒழுங்கையைத் தேடிப் போனார்கள். வீட்டுச் சுவர்கள் மட்டும் நின்றன. அம்மா வடமராட்சியில் இருந்தபோதே காலமாகிவிட்டார் என்று அயலவர் சொன்னார்கள். வடமராட்சியில் அவரை வைத்துப் பார்த்தவர்கள் யாரென்று கேட்டதற்கு, அங்கத்தைய ஆட்கள், முன்பின் தெரியாதவர்கள், நல்லாய்ப் பார்த்தார்கள் என்று பதில் வந்தது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கின் உடுத்துறை, ஆழியவளை, மணற்காடு முதலிய கரையோரங்களை அழித்தபோது, அன்று மாலையே சோற்றுப் பார்சல் கட்டி அனுப்பிய வீடுகளுள் இதுவும் ஒன்று. எவரும் அவர்களைக் கேட்கவில்லை.

இன்று அந்த ஒழுங்கைகளிலே கிடுகுப் படலைகள் இல்லை. உயர்ந்த மதிலும் இரும்புக் கேற்றும் நாய் கவனம் என்ற பலகையும் வந்துவிட்டன. களவு பயத்தால் வைத்தவை, அவசியமுந்தான். அந்தத் தம்பதியினரின் வீட்டிலும் இரும்புக் கேற் இருக்கிறது. ஆலயத் தேர்த்திருவிழாவன்று அதை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்து, மோரும் ஊறுகாய்த் தண்ணீரும் கொடுக்கின்றார்கள். பந்தலில் பெயர் எழுதுவதில்லை. கேட்டால், அம்மாவின் பெயரை அவர்கள் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். எல்லோரும் அவரை அம்மா என்றே அழைத்திருக்கிறார்கள். பிளாஸ்க் அங்கே இல்லை. 2002 இல் கிழவியோடு போன குடும்பம் புறப்பட்டபோது, வழியில் தேவைப்படும் என்று கொடுத்துவிட்டார்கள்.